விதைக்கு விட்ட காய்!

ஆடிப் பட்டமும் அம்மன் வழிபாடும் ஜவ்வாது மலையின் விதைச் செல்வமும்

ஆடி பிறந்துவிட்டால் அம்மன் ஆலயங்கள் தோட்டங்களாக மாறிவிடுகின்றன. வெண்டைக்காய்ச் சரம், கத்தரிக்காய் மாலை, கருவறை வாயிலில் பூசணியும் பரங்கியும் என அன்னை அன்று சாகம்பரியாகக் காட்சி தருகிறாள். நூறாண்டு மழை பொய்த்து உயிர்கள் வாடியபோது, தன் திருமேனியிலிருந்தே காய்களையும் கீரைகளையும் தோற்றுவித்து உலகைக் காத்தவள் சாகம்பரி என்று தேவி மாகாத்மியம் அவளைப் போற்றுகிறது.

அலங்காரம் கலைந்தபின் அந்தக் காய்கள் பிரசாதமாக இல்லம் வந்து சேரும். அம்மன் மேனியில் இருந்த கத்தரியின் விதையைத் தன் வீட்டுத் தொட்டியில் ஊன்றிவிட்டு, முளைக்குமா என்று நாள்தோறும் எட்டிப் பார்க்கும் குழந்தைகளும் உண்டு. பெரும்பாலும் அது முளைப்பதில்லை. கறிக்குப் பறிக்கும் பிஞ்சில் விதை முற்றியிருப்பதில்லை என்பது ஒரு காரணம். முற்றிய காயே கிடைத்து, விதை முளைத்துச் செடியானாலும், அது வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் தாயைப்போலக் காய்ப்பது அரிது. இரு வேறு பெற்றோரை இணைத்து உருவாக்கப்படும் ஒட்டு ரகத்தின் சிறப்பு முதல் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறிப்போகும். ஆண்டுதோறும் கடையில் புது விதை வாங்கியாக வேண்டும்.

நாட்டு ரகம் அவ்வாறன்று. முறையாகக் காத்தால் தாயைப்போலவே பிள்ளையும் காய்க்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் எவரேனும் ஒருவர் ஒரு காயைப் பறிக்காமல் விதைக்கு விட்டு வைக்க வேண்டும். சில ஆண்டுகள் எல்லோரும் அதை மறந்துவிட்டால், நூறு தலைமுறையாக வந்த ஒரு வம்சம் ஓசையின்றி முடிந்துபோகும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை இன்று எதிர்கொள்ளும் கவலை இதுவே.

மலைபடுகடாம் கண்ட அவரை

ஜவ்வாது மலையையும் அதை அடுத்துள்ள செங்கம், பர்வதமலைப் பகுதிகளையும் சங்க காலத்தில் ஆண்டவன் நன்னன். அவனைப் பாடிய மலைபடுகடாம் பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று, இயற்றியவர் பெருங்கௌசிகனார். அதில் வரும் நவிரமலையைப் பர்வதமலை என அறிஞர் பலர் அடையாளம் காண்கின்றனர். நஞ்சுண்ட ஈசன் ‘காரியுண்டிக் கடவுள்’ என்னும் பெயரில் அம்மலையில் வீற்றிருப்பதை அந்நூல் குறிப்பிடுகிறது. இன்றும் பக்தர்கள் பர்வதமலை உச்சிக்கு ஏறிச்சென்று மல்லிகார்ஜுனரையும் பிரமராம்பிகையையும் தரிசித்து வருகின்றனர்.

நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும்போது, வழிநெடுகக் கண்ணில் படும் விளைச்சலையும் புலவர் விரித்துரைக்கிறார். எள், தினை, வரகு, இஞ்சி என நீளும் அந்த வரிசையில் அவரையும் இடம்பெறுகிறது. தினை அறுத்த தாள்களில் படர்ந்து, பூ உதிர்த்து, அரிவாள் போல் வளைந்த காய்களைத் தாங்கி நிற்கிறது அக்கொடி. சிறுதானியத்தோடு பயறு வகையைக் கலந்து விதைப்பது, தானியம் அறுவடையான பின் அதன் தாளையே கொழுகொம்பாக்கிக் கொடியை ஏற்றுவது என்னும் வேளாண் முறை ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வட்டாரத்தில் வழங்கியது என்பதற்கு இது சான்று.

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இன்றும் சாமையே முதன்மைப் பயிர். இங்கு வாழும் பழங்குடியினர் ‘மலையாளி’ எனப்படுகின்றனர். பெயரைக் கொண்டு இவர்களைக் கேரளத்தவர் எனக் கருதலாகாது. மலையில் வாழ்வோர் என்பதே பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. சாமைக் கொல்லையில் துவரையும் அவரையும் மொச்சையும் ஊடுபயிராகும். வீட்டை ஒட்டிய புழக்கடையில் சுரை, பீர்க்கு, பரங்கிக் கொடிகள் வேலியிலும் கூரையிலும் படரும்.

பயிரும் தெய்வமும் பிரியாத மண் இது. புதிய கற்கால மனிதர் பயன்படுத்திய கற்கோடரிகளை மரத்தடியில் வைத்துத் தெய்வமாக வழிபடும் வழக்கம் இம்மலைப் பகுதியிலும் அடிவாரத்திலும் இருப்பதைத் தொல்லியல் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். மனிதன் முதன்முதலாகப் பயிரிடத் தொடங்கிய காலத்தின் கருவிகள் அவை. காடு திருத்திய கல்லுக்கு இன்றும் பூவும் நீரும் கிடைக்கின்றன.

பஞ்சாங்கம் அறிந்த கொடி

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது முதுமொழி. இதில் மழைக் கணக்கோடு பகற்பொழுதின் கணக்கும் அடங்கியிருக்கிறது. பழைய கொடி அவரைக்குப் பகல் குறுகினால்தான் பூக்கும் இயல்பு உண்டு. ஆடியில் ஊன்றிய விதை ஆவணி, புரட்டாசி முழுவதும் இலையும் கொடியுமாகப் படர்ந்துகொண்டே இருக்கும். ‘கொடிதான் கொழுக்கிறது, ஒரு பூவைக் காணோமே’ என்று புதிதாகப் பயிரிடுவோர் சலித்துக்கொள்வர். ஐப்பசி கடந்து பகல் சுருங்கிப் பனி இறங்கத் தொடங்கியதும் கொத்துக் கொத்தாகப் பூத்து, மார்கழியில் காய்த்துக் குலுங்கும்.

மார்கழித் திருவாதிரையன்று களியோடு படைக்கும் ஏழு கறிக் கூட்டிலும், தைப் பொங்கலன்று வைக்கும் பல காய்க் குழம்பிலும் அவரையும் மொச்சையும் தவறாமல் இடம்பெறுவதற்கு இதுவே காரணம். அந்தந்தப் பருவத்தில் மண் எதைத் தந்ததோ அதையே முன்னோர் ஆண்டவனுக்குப் படைத்தனர். புதிய குத்து அவரை ரகங்கள் பகற்பொழுதின் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆண்டு முழுவதும் காய்க்கும். உழவருக்கு அதனால் நன்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் திருவாதிரையை நினைவில் வைத்துப் பூக்கும் கொடி பழைய கொடிதான்.

முன்னோர் வழிபாட்டிலும் இத்தகைய காப்பு ஒன்று உண்டு. பல குடும்பங்களில் திவசச் சமையலுக்கு முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றைச் சேர்ப்பதில்லை. வாழைக்காய், பாகல், புடலை, அவரை, சேப்பங்கிழங்கு, பிரண்டை என நாட்டுக் காய்களே இலையில் விழும். காரத்துக்கு மிளகாய் இல்லை, மிளகுதான். அந்த ஒரு நாளுக்காகவே சந்தையில் நாட்டுப் பாகலையும் பிரண்டையையும் தேடி அலைவோர் உளர். சடங்கு நிலைத்ததால் காயும் நிலைத்தது.

அதற்காக, வெளியிலிருந்து வந்த எதையும் மரபு விலக்கிவிடவில்லை. பொங்கல் குழம்பில் முதலிடம் பெறும் பரங்கிக்காயின் பெயரிலேயே பரங்கியர் இருக்கின்றனர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த காய் அது. பல தலைமுறைகளாக நம் பெண்கள் விதை எடுத்து வைத்ததால் அது இம்மண்ணின் பிள்ளையாகிவிட்டது. ஆகவே ஒரு காயை நாட்டுக் காயாக்குவது, விடாமல் அதன் விதையைக் காத்துவரும் கைகளே எனலாம்.

ஆலயம் காத்த வித்து

விதையைத் தெய்வத்தின் பொறுப்பில் வைப்பது தமிழர் மரபு. ஊழிக்காலத்தில் உயிர்களின் வித்தையெல்லாம் அமுதத்தோடு ஒரு குடத்தில் இட்டு பிரமன் வெள்ளத்தில் மிதக்கவிட்டான். அது தங்கிய இடத்தில் ஈசன் வேடனாக வந்து அம்பெய்து குடத்தைத் திறந்தார் என்பது கும்பகோணத் தலபுராணம். ஆதிகும்பேசுவரர் என்னும் திருநாமம் அந்த விதைக்குடத்தை நினைவூட்டுகிறது. கோபுரக் கலசங்களில் வரகு முதலிய தானியங்களை நிரப்பி, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது புதிதாக மாற்றும் வழக்கத்தையும் இத்துடன் சேர்த்து எண்ணலாம். வெள்ளமோ பஞ்சமோ வந்து ஊரே விதை இழந்தாலும் கோபுரத்தில் விதை இருக்கும் என்று பெரியோர் சொல்லி வந்துள்ளனர்.

பெருவிழாக்களின் தொடக்கத்தில் நடைபெறும் அங்குரார்ப்பணமும் விதை வழிபாடே. புற்றுமண் முதலிய தூய மண்ணை எடுத்துவந்து பாலிகைக் கிண்ணங்களில் இட்டு நவதானியம் விதைப்பர். பயிர்களுக்கு அரசன் சந்திரன் என்பதால் இதை இரவில் செய்வது மரபு. திருமணப் பந்தலில் சுமங்கலிகள் தெளிக்கும் பாலிகையும், மாரியம்மனுக்கு எடுக்கும் முளைப்பாரியும் இதன் வடிவங்கள். வீடுதோறும் தானியம் பெற்று, எருவிட்ட மண்ணில் தூவி, இருண்ட அறையில் விரதமிருந்து நீர் தெளித்து வளர்க்கும்போது, எந்த விதைக்கு உயிர் இருக்கிறது, எதற்கு இல்லை என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும். விதைப்புக்கு முன் நடக்கும் முளைப்புச் சோதனை அது. முளை நன்றாக வந்தால் விளைச்சலும் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை அனுபவத்தில் ஊன்றி நிற்பது.

மலை எதிர்கொள்ளும் இழப்பு

சாலையும் சந்தையும் வந்தபின் மலையின் விதைக் கூடைகள் மெல்ல வற்றத் தொடங்கின. நகரச் சந்தை ஒரே அளவும் ஒரே நிறமும் உள்ள காயையே விரும்புகிறது. கோணலான பீர்க்குக்கும் வரியோடிய கத்தரிக்கும் அங்கே விலை இல்லை. விலை இல்லாத பயிரை ஏழை உழவர் எத்தனை காலம் தாங்குவார்? விதை, உரம், மருந்து மூன்றையும் காசு கொடுத்து வாங்கும் நிலையில், மழை தவறும் ஆண்டு கடனாக முடிகிறது.

வயல் சோறு போடாதபோது இளைஞர்கள் கூலி தேடி மலையிறங்குகின்றனர். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். ஏழுமலையான் வீற்றிருக்கும் அதே மலைத்தொடரில் நேர்ந்த அத்துயரத்தை இம்மலை எளிதில் மறக்காது. ஒரு பிடி விதை வறுமையை முற்றிலும் போக்கிவிடாது. ஆனாலும் விதைக்காகக் கடைவாசலில் நிற்க வேண்டாத வீடு, கடனிலிருந்து ஓரடி தள்ளியே நிற்கிறது.

நம்பிக்கையூட்டும் செய்திகளும் உண்டு. மலையடிவாரத்தை ஒட்டிய அணைக்கட்டு வட்டத்தில் உள்ளது இலவம்பாடி. தண்டிலும் இலையிலும் காம்பிலும் முள் நிறைந்த அவ்வூர்க் கத்தரிக்கு, ‘வேலூர் முள்ளுக் கத்தரி’ என்னும் பெயரில் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சான்று பெயரைக் காக்கும். உயிரைக் காப்பது, ஆண்டுதோறும் நல்ல பழத்தைத் தேர்ந்து விதை எடுக்கும் உழவரே. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001, விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பகிரவும் உழவருக்குள்ள உரிமையை உறுதிசெய்துள்ளது.

டெல்டாவில் நெல் ஜெயராமன் காட்டிய வழி குறிப்பிடத்தக்கது. நம்மாழ்வாரின் தூண்டுதலால் பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் தொகுத்த அவர், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். விழாவுக்கு வரும் உழவருக்கு 2 கிலோ விதைநெல் தருவார். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது 170-க்கு மேற்பட்ட நெல் ரகங்கள் மீண்டும் வயலுக்கு வந்திருந்தன. நெல்லுக்கு இயன்றது அவரைக்கும் சுரைக்கும் இயலாதா?

ஆண்பனை பெண்பனையான தலம்

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாற்றின் கரையில் திருவோத்தூர் உள்ளது. அடியார் ஒருவர் ஈசனுக்காக வளர்த்த பனைகள் யாவும் ஆண்பனைகளாய்க் காய்க்காமல் நிற்க, புறச்சமயத்தார் எள்ளினர். திருஞானசம்பந்தர் பதிகம் பாட, அவை குலை ஈன்றன என்பது தல வரலாறு. வேதபுரீசுவரரைத் தரிசிப்போர் இன்றும் கல்லில் வடித்த பனையைக் கண்டு வணங்குகின்றனர்.

வீட்டுத் தோட்டத்தில் பரங்கியும் சுரையும் இடுவோர்க்கும் அந்த அடியாரின் ஏக்கம் ஒருமுறையேனும் வரும். கொடி நிறையப் பூ இருக்கும், ஒன்றும் பிஞ்சாகாது. அஞ்ச வேண்டியதில்லை. பூசணிக் குடும்பத்துக் கொடிகள் முதலில் ஆண்பூவையே விடும். சில நாட்களில், அடியில் சிறு பிஞ்சைத் தாங்கிய பெண்பூ தோன்றும். வண்டு வரவு குறைந்த மாடித் தோட்டமானால், ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் கையாலேயே தொட்டு வைக்கலாம். பரங்கிப் பூ விடியலில் விரியும். சுரையும் பீர்க்கும் மாலையில் விரியும். நேரம் அறிந்து செய்தால் காய் நிச்சயம்.

விதைக்கு விடும் காயானால் கூடுதல் கவனம் தேவை. பக்கத்தில் வேறு ரகப் பரங்கி இருந்தால், வண்டு இரண்டையும் கலந்துவிடும். ஆகவே மறுநாள் விரியவிருக்கும் ஆண், பெண் மொட்டுகளை முந்தைய மாலையே நூலால் இலேசாகக் கட்டிவைத்து, விடியலில் அவிழ்த்து, மகரந்தம் சேர்த்து, பெண்பூவை மீண்டும் கட்டிவிட வேண்டும். அவரைக்கும் தட்டைப்பயறுக்கும் இந்தச் சிரமம் பெரிதும் இல்லை. தன் பூவிலேயே கருவுறும் இயல்புடையவை அவை. புதிதாகத் தொடங்கும் இல்லங்கள் அவரையிலிருந்தே தொடங்கலாம்.

இல்லத்தில் ஒரு விதைக் கலசம்

நோயின்றிச் செழித்த செடியைத் தேர்ந்து, அதன் நல்ல காயில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிடுவது எளிய உபாயம். காப்புக் கட்டிய காயை வீட்டில் எவரும் பறிக்க மாட்டார்கள். ஒரே செடியின் விதையையே ஆண்டுதோறும் எடுத்தால் வீரியம் குன்றும். இயன்றால் ஐந்தாறு செடிகளின் விதையைக் கலந்து வைப்பது நல்லது.

கத்தரி நன்கு பழுத்து மஞ்சளாக மாறும்வரை செடியிலேயே இருக்க வேண்டும். பின்னர் பிசைந்து நீரில் அலசினால் நல்ல விதை அடியில் தங்கும். சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்த வேண்டும். வெண்டையும் அவரையும் செடியிலேயே நெற்றாகிச் சலசலக்க வேண்டும். பீர்க்கும் சுரையும் கொடியிலேயே காய்ந்து கூடாக வேண்டும். அக்காலத்தில் உலர்ந்த சுரைக்குடுக்கையே விதைக் கலமாயிற்று. பரங்கி, பூசணி விதைகளைப் பசுஞ்சாணத்தில் பொதிந்து வறட்டியாகச் சுவரில் தட்டிவைப்பதும், துவரைக்குச் செம்மண் கட்டிவைப்பதும், நெற்றுகளை அடுப்புக்கு மேல் புகைபடக் கட்டித் தொங்கவிடுவதும் கிராமத்து முறைகள். சாணமும் மண்ணும் புகையும் பூச்சியை அண்டவிடா. நகரத்து இல்லங்களுக்கு, நன்கு உலர்த்திய விதையோடு சாம்பலோ காய்ந்த வேப்பிலையோ சேர்த்து, இறுக மூடிய கண்ணாடிக் குப்பியில் இடுவது போதும். பெயரும் ஆண்டும் எழுதி ஒட்டுவது அவசியம். அமாவாசைதோறும் விதையை வெளியே எடுத்து இளவெயிலில் காட்டுவது பழைய வழக்கம். முன்னோரை நினைக்கும் நாளிலேயே அவர்கள் விட்டுச்சென்ற விதையையும் எடுத்துப் பார்ப்பது எத்தனை பொருத்தம்!

எடுத்த விதை ஒரே வீட்டில் தங்கினால் அதற்குக் காவல் குறைவு. ஒரு மழையோ ஒரு பூச்சியோ அனைத்தையும் அழித்துவிடக்கூடும். மூன்று வீடுகளில் இருந்தால், ஒரு வீட்டில் போனாலும் மற்றொரு வீட்டிலிருந்து திரும்பி வரும். வரலட்சுமி நோன்புக்கும் நவராத்திரிக் கொலுவுக்கும் வரும் சுமங்கலிகளுக்குத் தாம்பூலத்தோடு ஒரு சிறு விதைப் பொட்டலமும் தரலாம். பெற்றுக்கொண்டவர் அடுத்த ஆண்டு இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்னும் ஆதிரெங்கத்து ஒப்பந்தத்தை அன்போடு சேர்த்துச் சொல்லலாம்.

இந்த ஆடியில் ஊன்றும் அவரை உடனே பூக்காது. புரட்டாசி சனிக்கிழமைகள் கடந்து, தீபாவளி கடந்து, கார்த்திகை தீபம் அண்ணாமலையில் சுடர்விடும் நாட்களில் முதல் பூ தலைகாட்டும். திருவாதிரைக் கூட்டுக்கும் பொங்கல் குழம்புக்கும் பறித்ததுபோக, மஞ்சள் துணி கட்டிய காய்கள் மட்டும் கொடியிலேயே நின்று, மாசிப் பனியில் முற்றி நெற்றாகும். அடுத்த ஆடியில் அம்மன் சாகம்பரியாக அலங்காரம் கொள்ளும்போது, அவள் தோளில் சாற்றும் மாலைக்கு அந்த நெற்றிலிருந்து பிறந்த கொடி ஒரு கொத்துப் பூவையேனும் தந்துவிட முடியாது. அப்போது அது சிறு முளையாகத்தான் இருக்கும். ஆனால் முளையும் அவளுக்கு உகந்ததே. முளைப்பாரி ஏந்தி அவள் சன்னதிக்குச் சென்ற பாட்டிமார்கள் அதை அறிந்திருந்தனர்.